நாற்பது தகலாக் சொற்களும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு என்னை ஒரு நர்சிங் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். ‘சேவை மனப்பான்மை’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பேச மேடையில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் வாழ்நாளில் ஒரு ஊசி போட்டதில்லை. அவர்கள் பிழைப்பைக் கெடுக்க வேண்டாமென்று நான் வேறு கதை சொன்னேன். அதை எழுதித் தாருங்கள் என்று பிற்பாடு பிள்ளைகள் நீங்கள் கேட்டீர்கள். எழுதியிருக்கிறேன்.

வளைகுடாவுக்குப் புறப்படும்போது ஏஜென்சிக்காரர்கள் உங்களுக்கு அரபி கற்றுத்தரும் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். விமானத்தில் படிக்கலாம், விமானத்திலேயே விட்டுவிட்டும் இறங்கலாம். துபாயில் தேரா பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். யல்லா (கிளம்பு), கலாஸ் (முடிந்தது), மாஃபி (இல்லை) என்ற மூன்று சொற்களையும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அரபியை ஒப்பேற்றினேன். என்னைத் தலைகுனிய வைத்தது தகலாக். பிலிப்பைன்ஸ்காரர்களின் மொழி. வார்டில் உங்களுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான். அதற்குப் புத்தகம் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

என்னோடு வேலை பார்த்த பிலிப்பினோ நர்ஸ் ஒருத்திக்குப் பாஸ்போர்ட்டில் அழகான நீளப் பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் உபயோகித்ததில்லை. வார்டு முழுவதும் அவளை ‘ஆத்தே’ என்றுதான் கூப்பிட்டது. முதல்நாள் அதைக் கேட்டு நான் காலடியில் பார்த்தேன். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரை ஊரில் பிறந்தவள் நான். எங்கள் பக்கம் பாம்பைக் கண்டால்தான் ‘ஆத்தே!’ என்போம். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தமாம். எந்தக் காலத்திலோ கடை போட வந்த சீனர்கள் விட்டுப்போன சொல் என்று அவளே சொன்னாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. ஆனாலும் நானும் ஆத்தே என்றே கூப்பிட்டேன். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் வாயில் வந்தது.

நான் சேர்ந்த முதல் வாரம். பெரிய டாக்டர் ஒருவர் ரவுண்ட்ஸ் வந்து, ஒரு நோயாளியின் காலடியில் நின்றுகொண்டு பத்து நிமிஷம் உயர்ந்த ஆங்கிலத்தில் பொழிந்துவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆத்தே மூக்கைப் பிடித்துக்கொண்டு, “நோஸ்ப்ளீட்!” என்றாள். நான் ஓடிப்போய்ப் பஞ்சும் ஐஸ் கட்டியும் எடுத்துவந்து, அவள் தலையைக் குனிய வைத்து, மூக்கை அழுத்திப் பிடித்தேன்.

“விடு சிஸ்டர், மூச்சு முட்டுது!” என்று அவள் என் கையைத் தட்டினாள். “ரத்தம் இல்ல, இங்கிலீஷ்!”

புரியாத ஆங்கிலத்தை அளவுக்கு மீறிக் கேட்டால் மூளை கொதித்து மூக்கு வழியாக ரத்தம் வரும் என்பது அவர்கள் ஊர்க் கேலி. அன்றைக்கு நான் ஒரு பாடம் கற்றிருக்க வேண்டும். காதில் ஒன்று விழுந்தால், கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் ஓட வேண்டும். நான் கற்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன், மறந்தேன். நர்ஸுகளில் பலருக்கு இப்படித்தான் அனுபவம் கூடுகிறது. வருஷம் ஏறும், பாடம் ஏறாது.

சில வருஷம் போயிற்று. நான் சீனியர் ஆனேன். வார்டு இன்சார்ஜ் பதவிக்கு என் பெயர் போயிருந்த நேரம். ஏழாம் படுக்கையில் கீழக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். தேராவில் மசாலாச் சாமான் கடை வைத்திருப்பவர். நெஞ்சுவலி என்று வந்து, தேறி, வீட்டுக்குப் போகிற நிலைமையில் இருந்தார். நோய் குறையக் குறைய அவருக்குக் கோபம் கூடியது. தலையணை உயரம் சரியில்லை, திரை சரியில்லை, தேநீரில் சீனி கூடிவிட்டது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணியடிப்பார்.

காலை ஏழு மணிக்கு நான் டியூட்டிக்கு வந்தேன். ஆத்தே தன் டியூட்டியை முடித்துக்கொண்டு படுக்கை படுக்கையாக என்னிடம் விவரம் ஒப்படைத்தாள். ஆறு பேர் முடிந்தது. “செவன் எப்படி?” என்றேன். களைத்த முகத்தோடு கையை உதறினாள்.

“டெட்மா,” என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கப் போய்விட்டாள்.

எங்களோடு பழகிப் பழகி ‘வாம்மா, போம்மா’ என்று பேச ஆத்தே கற்றுக்கொண்டிருந்தாள். ஆகவே என் மூளை அதை உடனே பிரித்துவிட்டது. ‘டெட், மா.’ செத்துப்போய்விட்டார், அம்மா. திரும்பிப் பார்த்தேன். ஏழாம் படுக்கையைச் சுற்றித் திரை மூடியிருந்தது. மணிச்சத்தமும் இல்லை. அந்த மனிதர் மணியடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

எட்டடி நடந்து திரையை விலக்கியிருக்கலாம். அதற்குள் லிஃப்ட் திறந்து அவருடைய மகன் கையில் ஃப்ளாஸ்கோடு வந்துவிட்டான். துக்கச் செய்தியைத் தாமதிக்காமல், கனிவாக, தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்தப் பயிற்சியில் நான் முதல் மதிப்பெண். அவனை ஓரமாக அழைத்துப்போய்த் தோளில் கை வைத்தேன்.

“தம்பி, மனசத் திடப்படுத்திக்கிடுங்க. வாப்பா போய்ட்டாங்க.”

“எங்கெ போனாங்க?” என்றான் அவன். பிறகு என் முகத்தைப் பார்த்தான். ஃப்ளாஸ்க் கைநழுவிக் கீழே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே கீழக்கரைக்குப் போன் போட்டான்.

செய்தி என்பதைத் தடுத்து நிறுத்த எந்த மருந்தும் இல்லை, பிள்ளைகளே. கால் மணி நேரத்தில் ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்துவிட்டார்கள். சவூதியில், தம்மாமில் இருந்த அவருடைய தம்பி விமான டிக்கெட் போட்டார். தேராவில் இரண்டு கடைகளுக்கு ஷட்டர் இறங்கியது.

எங்கள் வார்டு கிளார்க் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். இறப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு, நோயாளியின் கைப்பட்டை எண்ணைக் குறிக்க அவர்தான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பினார்.

“சிஸ்டரு,” என்றார், குரல் எழும்பாமல். “உங்க மய்யித்து டீ கேக்குது. சீனி கம்மியா போடணுமாம்.”

மனிதர் அதுவரை நன்றாகத் தூங்கியிருக்கிறார். ‘டெட்மா’ என்றால் ‘கண்டுகொள்ளாதே’ என்று அர்த்தம். அவர் மணியடித்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்பதைத்தான் ஆத்தே சொல்லியிருக்கிறாள்.

மகன் வாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்த வாப்பா மட்டும் நிதானமாக இருந்தார். மகனின் போனை வாங்கி, தமக்கு வந்த இரங்கல் செய்திகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். யார் அழுதது, யார் அழுவதுபோல் பேசியது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார். மச்சான் ஒருவர் இரண்டே வரி இரங்கல் சொல்லிவிட்டு, கடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அதை மூன்று முறை கேட்டார். மாலையில் நிர்வாகம் அவரிடம் புகார்ப் படிவத்தை நீட்டியது. அவர் வாங்கவில்லை.

“இந்தத் தங்கச்சி காட்டித் தந்தத எனக்கு அறுவது வருசத்துல ஒருத்தனும் காட்டித் தரலெ,” என்றார். “புகாராவது, ஒண்ணாவது.”

இறந்தவரே மன்னித்துவிட்டார். மருத்துவமனை மன்னிக்கவில்லை. அங்கே ஒரு தர மேலாளர், அதாவது குவாலிட்டி மேனேஜர் இருந்தார். நோயாளியைத் தொட்டுப் பல வருஷம் ஆனவர். ஆனால் எல்லா வியாதிக்கும் ஒரு படிவம் வைத்திருந்தார். சம்பவ அறிக்கை எழுது என்றார். நான் எழுதினேன். ‘பணி ஒப்படைப்பின்போது பிற மொழிச் சொல் பயன்படுத்தப்பட்டதால் தகவல் இடைவெளி ஏற்பட்டது.’ அந்த வாக்கியத்தில் பொய் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. அதில் நானும் கிடையாது. பயன்படுத்தப்பட்டது, ஏற்பட்டது என்று எழுதினால் ஆள் எப்படி மறைந்துபோகிறான் பாருங்கள். ஆனால் சொல்லை உச்சரித்தவள் மறையவில்லை. அறிக்கையின் ஒரு பிரதி விளக்கம் கேட்டு ஆத்தேவுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. வார்டில் இனி ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். அந்தச் சுற்றறிக்கையில் மூன்று எழுத்துப்பிழை. அதோடு, தகலாக் கொச்சைச் சொற்களைத் திரட்டி, அவற்றின் பிறப்பு, பொருள், ஆபத்தின் அளவு ஆகியவற்றைப் பட்டியலிட ஒரு குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவி நான். சொற்களைத் தர வேண்டியவள் ஆத்தே. குற்றவாளியை நீதிபதியாக உட்காரவைத்து, குற்றம் சாட்டப்பட்டவளையே சாட்சி சொல்லவும் வைத்தால் அதற்கு அங்கே ‘பங்கேற்பு நிர்வாகம்’ என்று பெயர்.

தினமும் மதியம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து எழுதினோம். எழுதியது காக்கா, சொன்னது ஆத்தே. தர மேலாளர் வந்து வந்து பார்ப்பார்.

“லோடி,” என்றாள் ஆத்தே. “ஐடல் என்ற சொல்லைத் திருப்பிப் போட்டது. ரொம்பப் பிடிச்ச ஆள்னு அர்த்தம். பெட்மாலுவும் அப்படித்தான். மாலுபிட் என்றால் கொடுமை. அதைப் புரட்டினால், அடேயப்பா, பிரமாதம்னு அர்த்தம்.”

“கொடுமை எப்படிப் பிரமாதம் ஆகும்?” என்றார் மேலாளர்.

“நாங்க கொடுமையான டேஸ்ட்டுன்னு சொல்லுவோமே சார்,” என்றேன் நான். அவர் மஞ்சள் நிறம் போடச் சொன்னார். சிவப்பு பேராபத்து, மஞ்சள் நடுத்தரம், பச்சை சாதாரணம்.

“டாக்ஸிக்,” என்றாள் ஆத்தே. பிலிப்பைன்ஸ் ஆஸ்பத்திரிகளில் நிற்க நேரமில்லாத டியூட்டிக்கு டாக்ஸிக் என்று பெயர். காற்று வாங்குகிற டியூட்டிக்கு ‘பினைன்’, அதாவது தீங்கில்லாத கட்டிக்கு டாக்டர்கள் சொல்கிற அதே சொல். மேலாளர் இரண்டுக்கும் சிவப்புப் போட்டார். வார்டில் ஒருவருக்கு விஷமும் ஒருவருக்குக் கட்டியும் இருப்பதாக நோயாளிகள் பீதி அடைவார்களாம்.

‘மாரிட்டெஸ்’ என்ற சொல்லை அவள் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. மாரே என்றால் தோழி. ‘மாரே, என்ன லேட்டஸ்ட்?’ என்று கேட்டுக்கொண்டே திரிகிற வம்புக்காரிக்கு, அந்தக் கேள்வியையே சுருக்கிப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். மேலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

“இந்த மாரிட்டெஸ் எந்த வார்டு? அவங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயாச்சா?”

‘சாரோட்’ என்றால் ‘சும்மா சொன்னேன்’ என்று அர்த்தம். எதையாவது சொல்லிவிட்டுக் கடைசியில் சேர்த்தால் சொன்னதெல்லாம் ரத்து. காக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

“இத மேலிடத்துக்குக் கட்டாயம் படிச்சிக் குடுக்கணும் சிஸ்டரு. வருற மாசம் சம்பளம் கூட்டுறோம், சாரோட்.”

இப்படி நாற்பது சொற்கள் சேர்ந்தன. ‘சுஸ்மார்யோசெப்’ மட்டும் நிறம் இல்லாமல் நின்றது. இயேசு, மரியாள், சூசை மூவரையும் பதற்றத்தில் ஒரே மூச்சில் கூப்பிடுவது அது. மத விஷயமாயிற்றே என்று மேலாளர் அதற்குத் தனிக் கோப்புத் திறந்தார்.

கடைசி நாள் காக்கா லீவு. பட்டியலின் முதல் சொல்லுக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டு அதை நாங்கள் இருவருமே தள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தோம். ஆத்தே தன் கையாலேயே எழுதினாள். ‘டெட்மா. பழைய சொல்: பாத்தாய் மாலிஸ்யா. பாத்தாய் என்றால் செத்தது. மாலிஸ்யா ஸ்பானியர் கொடுத்த சொல், கெட்ட எண்ணம். பாதியை ஆங்கிலமாக்கி டெட் மாலிஸ், சுருக்கி டெட்மா. பொருள்: ஒருவர் செய்தது தெரிந்திருந்தும் தெரியாததுபோல் இருப்பது.’

அதைப் படித்தேன். அவளுடைய டப்பாவிலிருந்து எனக்கென்று எடுத்து வைத்த பொரித்த கருவாடு என் தட்டில் இருந்தது. எங்கள் ஊர்க் கருவாட்டின் அதே மணம். மூன்று வாரமாகத் தினமும் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆத்தே, நான் எழுதின ரிப்போர்ட்ட நீ படிச்சியா?”

“படிச்சேன்.”

“ஒண்ணும் கேக்கலியே நீ.”

அவள் பேனா முனையால் தான் எழுதிய முதல் சொல்லைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மூடியைத் திருகிக்கொண்டு டியூட்டிக்கு எழுந்து போனாள்.

மறுநாள் அந்த அறிக்கையின் பேரில் விசாரணை. மாநாட்டு அறையில் நர்சிங் இயக்குநர் அம்மையார், தர மேலாளர், மனிதவளத் துறைக்காரர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தே தப்பாகப் பேசினாள் என்று முடிவானால் ஒப்பந்தம் ரத்து, விசா ரத்து, ஊருக்குப் பயணம். ஊரில் அவளுக்கு இரண்டு பையன்கள், காலேஜில். என் பக்கம் பார்த்தால், வாயைத் திறக்காமல் இருந்தால் இன்சார்ஜ் பதவி. திறந்தால் அது போகும். லைசன்ஸுக்கும் ஆபத்து வரலாம். எனக்கும் ஊரில் காலேஜில் மகள் ஒருத்தி இருந்தாள். நியாயமாக நடப்பது சுலபம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அவர்கள் விசா எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேளுங்கள்.

“ஒரே கேள்வி,” என்றார் மேலாளர் என்னிடம். “அவங்க வாயிலிருந்து ‘டெட்’ என்ற ஓசை வந்ததா, இல்லையா?”

அழகான கேள்வி. வந்தது என்று உண்மையைச் சொன்னாலே போதும், அவள் முடிந்தாள்.

“வந்தது சார்,” என்றேன். அம்மையார் எழுதப் போனார். “ஆனா, அவ செத்துட்டாருன்னே சொல்லியிருந்தாலும் நான் போய்ப் பாத்திருக்கணும். எட்டடி தூரம். நாடியத் தொட்டிருக்கணும். தொடல. வார்த்தைய வச்சு ஒரு மனுஷன் செத்துட்டான்னு குடும்பத்துக்கு நான்தான் சொன்னேன். ரிப்போர்ட்டுல அத எழுதாம விட்டதும் நான்தான்.”

மேலாளர் படிவத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

“இந்தப் பதிலை எங்கே எழுதுறது?” என்றார், உண்மையான சங்கடத்தோடு. “காரணம் என்ற இடத்தில் மொழி, கருவி என்று இரண்டு கட்டம்தான் இருக்கு. மனிதத் தவறு என்ற கட்டத்தைப் போன வருஷம் எடுத்துட்டோம். நம்ம ஆஸ்பத்திரியில் அது பூஜ்யத்துக்கு வந்துடுச்சு.”

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஆத்தே என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இன்சார்ஜ் பதவி இல்லை. லைசன்ஸைத் தொடவில்லை. பிறகு அம்மையார் ஆத்தே பக்கம் திரும்பி, தாயைப்போலச் சிரித்து, ஆங்கிலத்தில் சொன்னார்.

“கவலைப்படாதே. நாங்கள் உன்னை ‘சால்வேஜ்’ பண்ணத் தீர்மானித்துவிட்டோம்.”

ஆத்தே சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனாள். நாற்காலியைப் பிடித்தாள். நான் அவளை உட்கார வைத்து, இந்தத் தடவை முதலில் நாடியைப் பிடித்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சு? காப்பாத்துறோம்னுதானே சொன்னாங்க?”

“எங்க ஊர்ல…” என்று இழுத்தாள். “எங்க ஊர்ல சால்வேஜ் பண்றதுன்னா, ஆளக் கொன்னு ரோட்டோரம் வீசிட்டுப் போறது.”

அது ஆங்கிலச் சொல்தான். ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே ஸ்பானியர் விட்டுப்போன ‘சல்பாஹே’ என்ற சொல் இருந்தது. முரடன், காட்டுமிராண்டி என்று பொருள். இரண்டும் ஒலியில் ஒட்டிப்போய், காப்பாற்றுவதற்கான சொல் கொல்வதற்கான சொல்லாகிவிட்டது. நான் இதை அம்மையாருக்கு எடுத்துச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். மனிதவளத் துறைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. பட்டியலை எடுத்து நாற்பத்தொன்றாவது எண் போட்டு, சால்வேஜ் என்று எழுதி, சிவப்புப் பூசினார். ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டிய மருத்துவமனையில் ஓர் ஆங்கிலச் சொல் தடைசெய்யப்பட்டது.

நாற்பத்தொரு சொற்களையும் பெரிதாக அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, நர்ஸுகள் உட்காரும் இடத்துக்கு மேலே மாட்டினார்கள். அதுவரை அந்தச் சொற்கள் பிலிப்பினோக்களுக்கு மட்டும் தெரியும். ஒரே மாதத்தில் மலையாளி, தமிழர், பாகிஸ்தானி, எகிப்தியர் எல்லாருக்கும் மனப்பாடம். ‘நோஸ்ப்ளீட்’டுக்குக் காரணமான பெரிய டாக்டரே ஒரு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “பெட்மாலு!” என்றார். எந்த மொழியைப் பரப்ப வேண்டுமானாலும் அதைத் தடைசெய்து சுவரில் மாட்டுங்கள்.

ஆனால் ஆத்தே மாறிவிட்டாள். வார்டில் வாயைத் திறக்கும் முன் அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்ப்பாள். சாதாரண வார்த்தைக்கும் ஒரு நொடி யோசிப்பாள். அந்த ஒரு நொடி பற்றிப் படிவம் எதிலும் கட்டம் இல்லை.

மருத்துவமனையின் தரத்தைப் பார்க்க ஒருநாள் வெளியிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். வார்டு அமைதியாகத் தெரிய வேண்டும் என்று அன்று அழைப்பு மணியின் ஒலியைக் குறைத்து வைத்திருந்தார்கள். முற்பகல் பதினோரு மணி இருக்கும். மேலாளர் ஆய்வாளரைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு நிறமாக விளக்கிக்கொண்டிருந்தார். நான்காம் படுக்கை இருந்த அறையின் வாசலில் ஆத்தே வந்து நின்றாள். மணியை அழுத்தியிருக்கிறாள். எங்களுக்குக் கேட்கவில்லை.

வாயைத் திறந்தாள். ஆய்வாளரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். “சார், எக்ஸ்க்யூஸ் மீ, த பேஷன்ட் இஸ்… த பேஷன்ட்…” ஆங்கிலம் அவளைக் கைவிட்டுவிட்டது. பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ளவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆத்தே! உன் பாஷையில சொல்லு!” என்று கத்தினேன்.

“ஹிந்தி ஹுமிஹிங்கா!”

மேலாளர் உடனே கையை உயர்த்தினார். “ஹிந்தி! நோயாளிக்கு ஹிந்திதான் தெரியுமாம். காக்கா, நீங்க போங்க. மொழிபெயர்ப்பு வசதி எப்படி இருக்குன்னு ஆய்வாளர் பார்க்கட்டும்.”

அவர்கள் மொழியில் ‘ஹிந்தி’ என்றால் ‘இல்லை’. இது பட்டியலில் கிடையாது, கொச்சைச் சொல்லும் கிடையாது. கூடச் சாப்பிட்டு, கூடச் சண்டை போட்டு, வேண்டாம் என்று அவள் தட்டை நகர்த்துவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்தது. ‘ஹுமிஹிங்கா’ எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போதே அவள் கை நெஞ்சில் மேலும் கீழும் போயிற்று. என்னவோ இல்லை. அந்த ‘என்னவோ’ என்னவென்று யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. அறைக்குள் ஓடினேன்.

முந்தின நாள் அறுவைச் சிகிச்சை முடிந்த பங்களாதேஷ் ஓட்டுநர் ஒருவர். உதடு நீலம். மூச்சு இல்லை. வலிக்குக் கொடுத்த ஊசி அவரை வேண்டியதற்கு மேல் தூங்கவைத்திருந்தது. ஆத்தே தாடையைத் தூக்கிப் பிடித்தாள், நான் முகமூடியை அழுத்திக் காற்றுப் பையைப் பிசைந்தேன். காக்கா உள்ளே வந்து, நிலைமையைப் பார்த்து, ஹிந்தியில் ஒரு வார்த்தையும் பேசாமல் டாக்டரைக் கூப்பிட ஓடினார். மேலாளர் கதவருகே நின்றார். அவர் முகத்தை நான் அப்புறம்தான் கவனித்தேன். ஒரு மனிதனின் உதட்டு நிறம் திரும்பி வருவதை அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

ஆய்வறிக்கை வந்தது. பலகைக்குப் பாராட்டு. அவசர நேரத்தில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசப்பட்டதற்கு ஒரு குறை. அந்தக் குறைக்கு விளக்கம் எழுத எனக்குப் படிவம் கொடுத்தார்கள். ‘வேற்று மொழி பேசியது ஏன்?’ என்ற இடத்தில், ‘பேசச் சொன்னது நான். நோயாளி மூச்சு விடவில்லை’ என்று என் பெயரோடு எழுதினேன். ‘விளைவு’ என்ற இடத்தில், ‘இப்போது விடுகிறார்’ என்று எழுதினேன்.

இன்சார்ஜ் பதவி எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆத்தே தன் ஒப்பந்தத்தை முடித்து, இன்னொன்றையும் முடித்து, பையன்களைக் கரையேற்றிவிட்டுத்தான் ஊர் போனாள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சொல்லுக்கு அர்த்தம் தேடுவதற்கு முன்னால், சொன்னவளின் முகத்தைப் பாருங்கள், படுக்கையில் கிடப்பவரைப் போய்த் தொடுங்கள். தப்பு உங்களுடையது என்றால், வாக்கியத்தில் ‘நான்’ என்று எழுதுங்கள். படிவத்தில் இடமில்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.

அந்த ஓட்டுநர் வீட்டுக்குப் போன நாள், மருந்துப் பையோடு எங்கள் முன்னால் வந்து நின்றார். அவருக்கு வங்காள மொழி மட்டும்தான் வரும். கையை நெஞ்சில் வைத்து நீளமாக ஏதோ சொன்னார். ஆத்தே தன் மொழியில் பதில் சொன்னாள். நான் தமிழில், “பாத்துப் போங்க, பாரம் தூக்காதிய,” என்றேன். மூவரும் தலையாட்டிக்கொண்டோம். அவர் நடந்து போய் லிஃப்டில் ஏறினார்.

அந்தப் பக்கமாக வந்த தர மேலாளர் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார்.

“அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“தெரியாது சார்,” என்றேன்.

அவர் லிஃப்டைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.